வெயில் வந்தால் மடங்கும் குடை

வெயில் ஏறினால் நாம் குடையை விரிக்கிறோம். வெயில் தாழ்ந்தால் மடக்கிவிடுகிறோம். இதற்கு நேர்மாறாக, நிழலில் குடையை விரித்து வைத்திருந்து, வெயில் பட்டதும் மடக்கிக்கொள்ளும் செடி ஒன்று உண்டு. ஒரு சாண் உயரத்தைத் தாண்டாத சிறு செடி அது. வட அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைக் காடுகளில், உலகிலேயே மிக உயரமான மரங்களின் காலடியில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல அது படர்ந்து கிடக்கிறது.

செடிகளுக்கு ஒளிதான் உணவுக்கு ஆதாரம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அப்படியிருக்க, ஒளியைக் கொண்டு வாழும் செடி ஒளியைக் கண்டு ஏன் ஒதுங்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், தாவரவியலோடு இயற்பியலும் கைகோத்து வருவதைக் காணலாம்.

செடி எது?

இதன் தாவரவியல் பெயர் ஆக்ஸாலிஸ் ஆரிகனா. அமெரிக்க மக்கள் இதை ரெட்வுட் ஸாரெல் என்கிறார்கள். நம் ஊர் வாய்க்கால் ஓரங்களிலும் பூந்தொட்டிகளிலும் தானாக முளைத்து, மஞ்சள் நிறத்தில் சிறு பூக்களைப் பூக்கும் புளியாரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் இலையைப் பறித்துப் புளிப்புக்காக மென்றிருக்கவும் கூடும். அந்தப் புளியாரையும் ஆக்ஸாலிஸ் என்ற இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே நமது வசதிக்காக இந்த அமெரிக்க உறவினரை 'ரெட்வுட் புளியாரை' என்று அழைப்போம். இலையில் உள்ள ஆக்ஸாலிக் அமிலமே இரண்டின் புளிப்புக்கும் காரணம்.

ரெட்வுட் புளியாரையின் ஒவ்வோர் இலைக்காம்பின் நுனியிலும் இதய வடிவமுள்ள மூன்று சிற்றிலைகள் இருக்கும். நம் புளியாரையின் சிற்றிலையைவிட இவை பெரியவை. வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு நிறமான பூக்களில் ஊதா நிறக் கோடுகள் ஓடும். மண்ணுக்கடியில் மட்டநிலத்தண்டு கிடையாகப் படர்ந்து, அங்கங்கே இலைகளை மேலே அனுப்பும். ஆகவே ஒரு செடி நாளடைவில் ஒரு விரிப்பாகிவிடுகிறது. கலிபோர்னியா, ஆரிகன், வாஷிங்டன் ஆகிய மாநிலங்களின் ஈரமான காடுகளே இதன் தாயகம்.

அந்தக் காடுகளின் அரசன் ரெட்வுட் மரம். ஆந்திர மலைகளில் விளையும் செம்மரம் வேறு. இது ஊசியிலை மர வகையைச் சேர்ந்தது. 100 மீட்டரைத் தாண்டி வளரக்கூடியது. 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட 'ஹைப்பீரியன்' என்ற ரெட்வுட் மரத்தின் உயரம் 115 மீட்டருக்கும் மேல். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப்போல ஏறத்தாழ இருமடங்கு! இத்தகைய மரங்கள் நெருங்கி நிற்கும் காட்டில், தரைக்கு எவ்வளவு வெளிச்சம் வந்து சேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

எண்ணிக்கையில் ஒளி

ஒளி ஆற்றல் சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. அவற்றுக்குப் போட்டான்கள் என்று பெயர். மேகமில்லாத நண்பகலில், ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படக்கூடிய போட்டான்கள் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில், ஒரே நொடியில், சுமார் 1200 கோடி கோடி வந்து விழுகின்றன. நம் கட்டைவிரல் நகத்தின் அளவே உள்ள இடத்தில் இத்தனை!

ரெட்வுட் காட்டின் தரையில் இதில் 200இல் ஒரு பங்கு கிடைத்தாலும் நம் செடி ஒளிச்சேர்க்கை செய்து பிழைத்துக்கொள்கிறது. அதாவது நொடிக்கு 6 கோடி கோடி போட்டான்கள். கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தோன்றினாலும், வெயிலில் வளரும் நெல்லோ கரும்போ இந்த வருமானத்தில் குடும்பம் நடத்த முடியாது. சுவாசத்துக்கு ஆகும் செலவையே அவற்றால் ஈடுகட்ட இயலாது.

நிழற்செடிகள் எப்படிச் சமாளிக்கின்றன? முதலாவதாக, சிக்கனம். அவற்றின் இலைகள் மெல்லியவை. சுவாசச் செலவு குறைவு. இரண்டாவதாக, சேகரிப்பு. போட்டான்களைப் பிடித்துக் கொடுக்கும் பச்சைய மூலக்கூறுகளின் கூட்டம் ஒவ்வொரு வினைமையத்தைச் சுற்றியும் பெரிதாக அமைந்திருக்கிறது. மூன்றாவதாக, இலைகளைக் கிடையாக விரித்து, ஒன்றையொன்று அதிகம் மறைக்காதபடி பரப்பி வைத்திருக்கின்றன. மழையே குறைவான ஊரில் முற்றம் முழுதும் பாத்திரங்களைப் பரப்பி வைத்துத் தண்ணீர் பிடிப்பது போன்ற ஏற்பாடு இது.

ஆனால் இந்த ஏற்பாட்டிலேயே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, மரநிழலில் விழும் வெயில் பொட்டுகளைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

தரையில் விழும் சூரியன்கள்

ஒரு மாமரத்தடியில் நின்று தரையைப் பாருங்கள். இலைகளுக்கு இடையேயுள்ள சந்துகள் கோணல்மாணலாக இருக்கின்றன. ஆனால் தரையில் விழும் வெயில் பொட்டுகளில் பெரும்பாலானவை வட்டமாகவோ நீள்வட்டமாகவோ தெரிகின்றன. ஏன்? அவை சந்துகளின் வடிவங்கள் அல்ல, சூரியனின் பிம்பங்கள்! ஒவ்வொரு சந்தும் நாம் பள்ளியில் செய்து பார்த்த ஊசித்துளைக் காமிராவின் துளையைப்போல வேலை செய்கிறது. சூரிய கிரகணத்தன்று அந்தப் பொட்டுகள் எல்லாம் பிறை வடிவம் பெறுவதைக் கண்டவர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வார்கள்.

பிம்பத்தின் அளவைக் கணக்கிடுவதும் எளிது. சூரியன் நம்மிடமிருந்து தன் விட்டத்தைப்போல சுமார் 108 மடங்கு தொலைவில் இருக்கிறது. ஆகவே துளைக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை 108ஆல் வகுத்தால் பிம்பத்தின் விட்டம் கிடைக்கும். மாமரத்தின் சந்து 5.4 மீட்டர் தூரத்தில் இருந்தால் பொட்டின் அகலம் 5 சென்டிமீட்டர். ரெட்வுட் காட்டில் சந்து 54 மீட்டர் தூரத்தில் இருந்தால் பொட்டின் அகலம் 50 சென்டிமீட்டர்.

இப்போது இரண்டு சந்துகளை ஒப்பிடுவோம். ரெட்வுட் மரத்தின் உச்சியில் 5 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு சந்து. அதன் வழியே வரும் ஒளி 50 சென்டிமீட்டர் வட்டமாகப் பரவிவிடுகிறது. அகலம் 10 மடங்கு என்றால் பரப்பு 100 மடங்கு. ஆகவே ஒளியின் செறிவு முழு வெயிலில் 100இல் ஒரு பங்குதான். நிழலில் கிடைக்கும் 200இல் ஒரு பங்கோடு இதுவும் சேர்ந்தால், செடியின் வருமானம் மூன்று மடங்காகிறது. அதற்கு இது தீபாவளிப் பரிசு!

மற்றொன்று, 2 மீட்டர் அகலமுள்ள இடைவெளி. ஒரு கிளை முறிந்து விழுந்ததால் உண்டானது என்று வைத்துக்கொள்வோம். இது பிம்பத்தைவிடப் பெரியது. இதன் வழியே தரையிலிருந்து பார்த்தால் சூரிய வட்டம் முழுவதும் தெரியும். ஆகவே முழு வெயிலும் அப்படியே இலைமேல் இறங்கும்.

நேரக் கணக்கும் உண்டு. வானத்தில் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதுபோல் தோன்றுகிறது. அதன் விட்டம் நம் கண்ணுக்கு அரைப் பாகை அளவே. ஆகவே தன் விட்டத்தின் அளவு நகர அதற்கு 2 நிமிடம் போதும். சிறு சந்தின் மங்கலான பொட்டு ஓர் இலையை 2 நிமிடத்தில் கடந்து போய்விடும். 2 மீட்டர் இடைவெளியின் வெயிலோ சுமார் 10 நிமிடம் தங்கும். இன்னும் பெரிய இடைவெளி என்றால் அரைமணி நேரம்கூட நிற்கலாம்.

ஒருவருக்குச் சமைத்த வீட்டில் இருநூறு பேர்

நாள்தோறும் ஒருவருக்கு மட்டுமே சமைக்கும் வீட்டில், திடீரென்று 200 பேர் வந்து பந்தியில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அடுப்பும் பாத்திரமும் அந்தக் கூட்டத்துக்காக அமைந்தவை அல்ல. வெயில் பட்ட நிழலிலையின் நிலை இதுதான். நிழற்செடிகளின் ஒளிச்சேர்க்கை, முழு வெயிலில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைந்த ஒளியிலேயே தன் உச்ச வேகத்தை எட்டிவிடுகிறது. அதற்குமேல் ஒளி கூடினால் உணவு உற்பத்தி கூடாது.

ஆனால் பச்சையம் போட்டான்களைப் பிடிப்பதை நிறுத்துவதில்லை. ஒரு போட்டானை விழுங்கிய பச்சைய மூலக்கூறு கிளர்ச்சியுற்ற நிலைக்குப் போகிறது. அந்த ஆற்றல் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். ஆற்றல் அழிவின்மை விதி இலைக்கும் பொருந்தும். உணவு தயாரிப்பில் செலவானது போக, ஒரு பகுதியை இலை வெப்பமாக வெளியேற்றுகிறது. மிகச் சிறு பகுதி சிவப்பு நிற ஒளிர்வாக வெளிவருகிறது. அப்போதும் எஞ்சி நிற்கும் ஆற்றல், அருகிலுள்ள பிராணவாயு மூலக்கூறுக்குத் தாவி, அதை வினைத்துடிப்பு மிக்கதாக மாற்றிவிடக்கூடும். அத்தகைய பிராணவாயு, எதிர்ப்படும் புரதங்களையும் கொழுப்புகளையும் சிதைக்கும்.

நீரைப் பிளந்து பிராணவாயுவை வெளிவிடும் 'இரண்டாம் ஒளியமைப்பு' என்ற பகுதியே முதலில் அடிபடுகிறது. அதிலுள்ள டி1 என்ற புரதம் எல்லாச் செடிகளிலும் வெயிலில் சிதைவதும் புதிதாகக் கட்டப்படுவதுமாகவே இருக்கிறது. சிதைவு, கட்டுமானத்தை முந்திவிட்டால் ஒளிச்சேர்க்கை தளர்ந்துவிடும். இதற்கு ஒளித்தடை என்று பெயர். வெயிலில் வளரும் செடிகளிடம் பழுதுபார்க்கும் வசதியும் வெப்பமாக வெளியேற்றும் வசதியும் தாராளமாக உண்டு. சிக்கனமாக வாழும் நிழற்செடியிடம் அவை குறைவு.

சரி, ஓடி ஒளிய முடியாத செடி வேறு என்ன செய்யலாம்? குடையை மடக்கலாம்!

கொசைன் விதி

கிடையாக இருக்கும் பலகைமேல் சூரியன் நேர் உச்சியிலிருந்து ஒளி வீசினால், பலகை முழு ஒளியையும் ஏற்கிறது. பலகையைச் சாய்த்தால், அது ஏற்கும் ஒளி சாய்வுக் கோணத்தின் கொசைன் அளவுக்குக் குறைகிறது. 60 பாகை சாய்த்தால் பாதி. 80 பாகை சாய்த்தால் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். செங்குத்தாக நிறுத்தினால் ஒளி பட இடமே இல்லை. கல்லூரி வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதி நிரூபிக்கச் சிறிது நேரம் ஆகிறது. ரெட்வுட் புளியாரை எதையும் எழுதாமல் செய்து காட்டிவிடுகிறது.

அமெரிக்காவின் கார்னெகி நிறுவனத்தைச் சேர்ந்த ஒல்லே பியோர்க்மன், ஸ்டீஃபன் பவுல்ஸ் ஆகிய அறிவியலாளர்கள் இச்செடியின் இலையசைவை அளந்து, 1981இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முழு வெயில் பட்டுச் சுமார் 10 நொடிகளில் அசைவு தொடங்குகிறது. மூன்று சிற்றிலைகளும் கீழ்நோக்கித் தாழ்ந்து, ஏறக்குறைய 6 நிமிடத்தில் மடக்கிய குடையைப்போல் செங்குத்தாகத் தொங்குகின்றன. வெயில் விலகிய பிறகு இலை உடனே விரிவதில்லை. 10 நிமிட அளவில் பொறுத்திருந்து, பிறகு மெல்ல எழுந்து, அரைமணி நேர அளவில் பழைய நிலைக்கு வருகிறது. மடங்குவதில் விரைவு, விரிவதில் நிதானம்!

முன்பு போட்ட நேரக் கணக்கை இப்போது நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2 நிமிடத்தில் போய்விடும் மங்கலான பொட்டு தீங்கற்றது. அதை இலை வேண்டிய மட்டும் உண்ணலாம். 10 நிமிடமோ அதற்கு மேலோ தங்கும் முழு வெயில்தான் அபாயம். அது நிலைகொள்வதற்குள் இலை மடங்கி முடிந்துவிடுகிறது.

மடங்குவதால் உண்மையிலேயே பயன் உண்டா? அதையும் அவர்கள் சோதித்தார்கள். சில இலைகளை மடங்கவிடாமல் கிடையாகவே பிடித்து நிறுத்தி, வலிய ஒளியில் வைத்தார்கள். அவற்றில் ஒளித்தடை ஏற்பட்டு ஒளிச்சேர்க்கைத் திறன் குறைந்தது. இயல்பாக மடங்க விடப்பட்ட இலைகள் அந்தச் சேதத்திலிருந்து தப்பின. வெறும் கோணமாற்றமே கவசமாகிறது என்பது இதனால் உறுதியாயிற்று.

கீல் எங்கே இருக்கிறது?

செடிக்குத் தசையும் இல்லை, நரம்பும் இல்லை. பிறகு இலையை இழுப்பது எது? ஒவ்வொரு சிற்றிலையும் காம்போடு சேரும் இடத்தில் 'அதைப்பு' என்ற சிறு தடிப்பு உண்டு. கதவுக்குக் கீல் போன்றது இது. தொட்டாற்சிணுங்கியின் இலைகளை மடக்குவதும் இத்தகைய அதைப்பே.

அதைப்பிலுள்ள செல்கள் நீரால் உப்பி விறைத்திருக்கின்றன. சைக்கிள் டியூபில் காற்று நிறைந்திருப்பதுபோல, செல்லுக்குள் நீர் நிறைந்து சுவரை அழுத்துகிறது. செல்லிலிருந்து பொட்டாசியம் முதலான அயனிகள் வெளியேறினால், சவ்வூடு பரவல் காரணமாக நீரும் பின்தொடர்ந்து வெளியேறும், செல் தளரும். ஒரு பக்கத்துச் செல்கள் தளர்ந்து, எதிர்ப்பக்கத்துச் செல்கள் விறைத்தால், சிற்றிலை தளர்ந்த பக்கமாகச் சாயும். அயனிகள் திரும்பினால் நீரும் திரும்பும். இலை மீண்டும் நிமிரும்.

இந்தக் கீலுக்குக் கட்டளை கொடுப்பது நீல ஒளி. சிவப்பு ஒளியால் இலை மடங்குவதில்லை. 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலப் போட்டானின் ஆற்றல், 680 நானோமீட்டர் சிவப்புப் போட்டானின் ஆற்றலைப்போல ஒன்றரை மடங்கு. ஆனால் இங்கே முக்கியமானது ஆற்றலின் அளவு மட்டுமன்று. உணவு தயாரிக்கப் பச்சையம் சிவப்பு, நீலம் இரண்டையுமே பயன்படுத்துகிறது. மடங்கும் வேலைக்கு நீலம் மட்டுமே பயன்படுவதால், அந்தக் கட்டளையைப் பெறுவது பச்சையம் அல்ல, நீல ஒளியை மட்டும் உணரும் வேறொரு நிறமி என்பது தெளிவாகிறது. ஆலை ஒரு துறை, அபாய மணி வேறொரு துறை!

தோட்டத்தில் இதன் இடம்

அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஊர்களில் வீட்டுத் தோட்டம் போடுவோர்க்கு ஒரு சங்கடம் உண்டு. ஊசியிலை மரங்களின் அடர்ந்த நிழலில் புல் வளராது. மண் வெறுமையாகக் கிடக்கும். அத்தகைய இடத்துக்கு ரெட்வுட் புளியாரை ஏற்ற தரைமூடிச் செடி. மட்டநிலத்தண்டை வெட்டி, இலைமக்கு நிறைந்த ஈரமண்ணில் நட்டால் போதும். படர்ந்த பிறகு மண் அரிப்பையும் களையையும் குறைக்கும். நன்றாகப் பிடித்துக்கொண்டால் சிறு செடிகளை நெருக்கிவிடும் என்பதால் இடமறிந்து நடவேண்டும். பிற்பகல் வெயில் நேரே விழும் வறண்ட இடத்தில் நட்டால் இலைகள் வெளிறிக் கருகும். ஏனெனில் இதன் குடை நிமிடக் கணக்கில் வந்துபோகும் வெயிலுக்காக அமைந்தது. நாள் முழுதும் காயும் வெயிலுக்காக அன்று.

இதைப் படித்ததும் நம் ஊருக்கும் வரவழைக்கலாமே என்று தோன்றலாம். வேண்டாம். ஆக்ஸாலிஸ் லாட்டிஃபோலியா என்ற வேறொரு அமெரிக்கச் சிற்றினம் நம் நாட்டு விளைநிலங்களில் ஒழிக்கக் கடினமான களையாகிவிட்டது. ஒரு நிலத்துக்கு உரிய செடி அந்த நிலத்தின் மரம், மண், ஈரம் எல்லாவற்றோடும் பொருந்தி வளர்ந்தது. அதன் அருமை அதன் இடத்தில்தான்.

அந்த இடமே சுருங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பியக் குடியேற்றத்துக்கு முன் சுமார் 8 லட்சம் ஹெக்டேரில் பரவியிருந்த ரெட்வுட் காடுகளில், கோடாலி படாத முதுகாடாக இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 5 சதவிகிதமே. மரம் வெட்டப்படும்போது மரம் மட்டும் போவதில்லை. வெயிலைச் சல்லடையில் சலித்து, செடி தாங்கும் அளவில் கீழே அனுப்பிய கூரையும் போய்விடுகிறது. 100 மீட்டர் உயரமுள்ள மரமும் ஒரு சாண் உயரமுள்ள செடியும் ஒரே ஏற்பாட்டின் இரு நுனிகள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு தபால் அட்டையை உச்சி வெயிலில் கிடையாகப் பிடித்து, தரையில் விழும் நிழலின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு அட்டையின் ஒரு விளிம்பைத் தாழ்த்தி 60 பாகை சாய்த்து மறுபடி அளவுங்கள். சூரியன் தலைக்குமேல் இருக்கும் வேளையில் நிழல் பாதியாகக் குறைந்திருக்கும். அட்டை ஏற்கும் ஒளியும் அதே அளவு குறைந்துவிட்டது என்று பொருள்.

அடுத்து, உங்கள் வீட்டருகே ஒரு புளியாரையைத் தேடிப் பிடியுங்கள். ஆரைக்கீரைக்கு நான்கு சிற்றிலைகள், புளியாரைக்கு மூன்று. மாலை மங்கியபின் விளக்கோடு போய்ப் பார்த்தால், அதன் சிற்றிலைகளும் மடங்கித் தொங்குவதைக் காண்பீர்கள். அங்கே வேலை செய்வதும் அதே அதைப்புதான். காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு வேளையும் இலைகள் சாய்ந்திருக்கும் கோணத்தை ஒரு வாரம் குறித்து வாருங்கள். நிழலில் ஒரு செடியையும் வெயிலில் ஒரு செடியையும் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டால் இன்னும் நல்லது. இதற்கு ஒரு கோணமானியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். பொறுமைதான் சற்று அதிகம் வேண்டும்.